70-300 லென்ஸை மாற்றுவதற்கு முன் நான் பார்த்த கணக்கு

அந்த மீன்கொத்திப் படம் இன்னும் என் கணினியில் இருக்கிறது. தண்ணீர் மேல் நீட்டிக்கொண்டிருந்த காய்ந்த கிளை, பக்கவாட்டில் விழுந்த காலை வெயில், பறவை என் பக்கம் தலையைத் திருப்பிய அந்த ஒரு நொடி. கேமராவின் பின்திரையில் பார்த்தபோது மனசு துள்ளியது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் தீற்றல், நெஞ்சுச் சிறகெல்லாம் ஈரத்துணியால் துடைத்து விட்ட மாதிரி, கிளை ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு கோடு. இந்த லென்ஸ் சரிப்பட்டு வராது, மாற்றியே ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மாற்றினேன்தான். ஆனால் அன்றைக்கு இல்லை, ஏழு மாதம் கழித்து. அன்றைக்கு வாங்கத் துடித்த லென்ஸும் இல்லை, வேறொன்று. நடுவில் நடந்ததை எழுதி வைக்கத் தோன்றுகிறது, ஏனென்றால் முதல் கேமராவோடு ஒரு சாதாரண டெலி ஜூம் (தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ்) வாங்கிய யாருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

என்னுடையது 70-300, அதாவது ஃபோகல் நீளம் 70இலிருந்து 300 எம்எம் வரை (எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்), எஃப்/4-5.6 (ஒளி நுழையும் வழியான அபெர்ச்சரின் அளவு, எண் கூடினால் வழி சுருங்கும்). நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வசதி (ஸ்டெபிலைசேஷன்) கிடையாது. கேமரா 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி சென்சார் (பழைய ஃபிலிம் சட்டத்தைவிடச் சின்னது). இந்த மாதிரி லென்ஸைப் பல கம்பெனிகள் பல வருடங்களாகச் செய்கின்றன, எல்லாமே கிட்டத்தட்ட ஒரே சாயல்தான்: பிளாஸ்டிக் உடம்பு, அரை கிலோவை ஒட்டி எடை, உள்ளே ஒரு சின்ன மோட்டார், ஃபோகஸ் ஆகும்போது முன்கண்ணாடியும் சேர்ந்து சுற்றும். இது ஏன் மலிவு என்று கேட்டால் ஒரு சின்ன வகுத்தல் போதும். 300ஐ 5.6ஆல் வகுத்தால் 53.6 வரும், அதாவது ஒளி நுழைய ஏறக்குறைய 54 எம்எம் அகல வழி இருந்தால் போதும். அதே 300ஐ எஃப்/2.8 ஆக்க வேண்டுமென்றால் 107 எம்எம் வேண்டும். விட்டம் இரண்டு மடங்கு, கண்ணாடியின் பரப்பு நான்கு மடங்கு, அதற்கேற்ற கனம். விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்தக் கண்ணாடிக்குத்தான் போகிறது, வெறும் பெயருக்கு இல்லை என்பது இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். இரவெல்லாம் விமர்சனங்கள் படித்தேன், மாதிரிப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன், 100-400 வேண்டுமா 150-600 வேண்டுமா என்று மனதுக்குள் பட்டிமன்றம் நடத்தினேன். அப்போது பல வருடமாகப் பறவைப் படம் எடுக்கும் ஒரு நண்பரிடம் பேசினேன். அவர் லென்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "உங்க படம் எதனால கெட்டுப்போகுதுன்னு பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். லென்ஸ்தான் காரணம் என்றேன். "எத்தனை படத்துல?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அந்த வார இறுதியில் உட்கார்ந்தேன். நான்கு முறை வெளியே போய் எடுத்ததில் நான் கழித்துவிட்ட படங்களில் இருநூறை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பக்கத்தில் ஒரு நோட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதினேன். ஒரு முழு மதியம் ஆனது. அந்த மதியத்தில் கற்றதை நான் படித்த எந்த விமர்சனமும் கற்றுத் தரவில்லை.

மங்கல் எல்லாம் ஒரே மங்கல் இல்லை. கை நடுங்கியிருந்தால் படம் முழுக்க ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஒரே திசையில் சின்னக் கோடாக இழுபட்டிருக்கும், இலை, கிளை, பறவை எல்லாவற்றிலும். பறவை அசைந்திருந்தால் கிளை தெளிவாக இருக்கும், பறவை மட்டும் இழுபட்டிருக்கும். ஃபோகஸ் தவறியிருந்தால் படத்தில் எங்கேயோ ஒன்று, முன்னால் ஒரு புல்லோ பின்னால் ஒரு பட்டையோ, பளிச்சென்று இருக்கும். கானல் (சூடான காற்றின் கலக்கம்) என்றால் நேர்கோடுகள் நெளியும், தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படத்திலும் பத்து விதமாக நெளியும். லென்ஸே காரணமாக இருந்தால், ஃபோகஸ் சரியாக விழுந்த இடத்திலும் மேலே மெல்லிய பால் படிந்த மாதிரி ஒரு படலம் இருக்கும், விவரம் இருக்கும் ஆனால் அழுத்தம் இருக்காது, அது அதே ஃபோகல் நீளத்தில் எடுத்த எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இருக்கும்.

எண்ணிப் பார்த்தேன். எழுபது சொச்சம் கை நடுக்கம். முப்பது பறவையின் அசைவு. நாற்பதுக்குப் பக்கம் ஃபோகஸ் தவறியது. இருபத்தைந்து, பறவை ரொம்பத் தூரத்தில் இருந்து நான் அளவுக்கு மீறி வெட்டியது. பதினைந்து கானல், அல்லது குறுக்கே வந்த இலை. மிச்சம் இருபதுதான் கண்ணாடியின் மேல் பழி போடக்கூடியவை. இருநூறில் இருபது! ஆசைப்பட்ட பெரிய லென்ஸை அன்றே வாங்கியிருந்தால் இந்த இருபதுக்காகத்தான் வாங்கியிருப்பேன்.

மீன்கொத்திப் படத்தின் விவரத்தைத் திறந்தேன். 300 எம்எம், எஃப்/5.6, ஐஎஸ்ஓ (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன்) 400, ஷட்டர் 1/160 விநாடி. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குறைந்தது ஒன்றின் கீழ் ஃபோகல் நீளம் இருக்க வேண்டும் என்பது பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு. ஏபிஎஸ்-சி சென்சாரில் அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும், அப்படியானால் 300க்கு 1/450, கேமராவில் இருக்கிற எண்ணில் சொன்னால் 1/500. நான் எடுத்ததோ 1/160. ஐஎஸ்ஓவை ஏற்றினால் புள்ளி புள்ளியாக நொய்ஸ் வரும் என்ற பயத்தில் 400ஐத் தாண்டாமல் பிடிவாதமாக இருந்திருக்கிறேன். அதே வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 1600 வைத்திருந்தால் 1/640 கிடைத்திருக்கும். நொய்ஸைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம், இப்போதெல்லாம் அது நன்றாகவே வருகிறது. இழுபட்ட சிறகைத் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது.

அதனால் முதல் மாற்றம் காசில்லாமல் நடந்தது. கேமராவை மேனுவல் மோடில் வைத்து, ஷட்டர் 1/640, அபெர்ச்சர் எஃப்/8 அல்லது வெளிச்சம் குறைந்தால் 5.6, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டு, மேல் எல்லை 3200. இப்படி வைத்துவிட்டுப் பறவையை மட்டும் பார்த்தேன். இடது கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூன்று நான்கு படம் தொடர்ச்சியாக எடுத்தேன். பொத்தானை அழுத்துகிற அசைவு முதல் படத்தில்தான் அதிகம் விழுகிறது, இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அடுத்த மாதம் கழித்த படங்களில் நடுக்கம் என்று எழுத வேண்டியிருந்தது பத்துக்கும் குறைவு.

அப்புறம் லென்ஸை நேராகச் சோதித்தேன். சுவரில் செய்தித்தாளின் நடுப்பக்கத்தை நான்கு மூலையும் ஒட்டி, கேமராவை ட்ரைபாடில் சுவருக்கு நேர் எதிரே நிறுத்தி, லைவ் வியூவில் (பின்திரையிலேயே காட்சியைப் பார்க்கும் முறை) பத்து மடங்கு பெரிதாக்கி எழுத்தின் மேல் கையால் ஃபோகஸ் வைத்து, இரண்டு விநாடி டைமரில் எடுத்தேன். 70, 135, 200, 250, 300 என்று ஐந்து இடம், ஒவ்வொன்றிலும் அபெர்ச்சரை முழுசாகத் திறந்து ஒன்று, எஃப்/8இல் ஒன்று, எஃப்/11இல் ஒன்று. மொத்தம் பதினைந்து படம், அரை மணி நேர வேலை.

200 வரைக்கும் என் லென்ஸ் நன்றாக இருந்தது, எஃப்/8இல் மிக நன்றாக. 250இல் கொஞ்சம் இறங்கியது. 300இல் முழுசாகத் திறந்தால் எழுத்தைச் சுற்றி அந்தப் பால் படலம், எஃப்/8க்கு வந்தால் பாதி விலகியது, எஃப்/11இல் அதற்கு மேல் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை, வெளிச்சம்தான் குறைந்தது. முக்கியமாக, 250இல் எடுத்ததை 300இன் அளவுக்கு வெட்டிப் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியவில்லை. அந்தக் கடைசி 50 எம்எம் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணாக மட்டுமே இருந்தது. அன்றிலிருந்து ஜூமை 250க்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தப் பழகினேன். மலிவான டெலி ஜூம் வைத்திருக்கிற பலருக்கும் இது பொருந்தும், ஆனால் எங்கே நிறுத்துவது என்பது ஒவ்வொரு லென்ஸுக்கும் மாறும், சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே மதியம் இன்னொன்றும் தெரிந்தது, இதைச் சொல்லாமல் போனால் தப்பு. லென்ஸ் வாங்கிய நாளிலிருந்து முன்னால் ஒரு மலிவான யூவி ஃபில்டர் இருந்தது, கண்ணாடி கீறாமல் இருக்கட்டும் என்று. சோதனையில் 300 மிக மோசமாக வந்ததும் ஒரு சந்தேகத்தில் அதைக் கழற்றிவிட்டு அதே படத்தை எடுத்தேன். திரையில் இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தேன், நம்பவே முடியவில்லை. தலைப்பு எழுத்துகளின் ஓரத்தில் இருந்த இரட்டை நிழல் அப்படியே போய்விட்டது. அகலக் கோண லென்ஸில் இந்த ஃபில்டர் செய்த கெடுதல் கண்ணுக்கே தெரியாது, ஆனால் நீளமான லென்ஸ் எல்லாவற்றையும் பெரிதாக்கும்போது ஃபில்டர் கண்ணாடியின் மேடுபள்ளத்தையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. ஃபில்டரை எடுத்துவிட்டு ஹுட் (லென்ஸின் முன்னால் மாட்டும் குழல்) மாட்டினேன். ஹுட் கண்ணாடியை இடிபடாமல் காக்கும், பக்கவாட்டு வெயிலையும் தடுக்கும். லென்ஸை மாற்ற நினைக்கும் யாராக இருந்தாலும் முதலில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள்.

ஊதாக் கோட்டைப் பற்றி: ஒவ்வொரு நிற ஒளியும் கண்ணாடியில் கொஞ்சம் வேறுவேறாக வளைகிறது, அதனால் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து குவிவதில்லை. ஃபோகல் நீளம் கூடக் கூட இந்த விலகல் பெரிதாகத் தெரியும். இதை அடக்கத்தான் நிறச்சிதறல் குறைந்த சிறப்புக் கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள். கேனன் அதை யூடி என்கிறது, நிக்கான் ஈடி, டாம்ரான் எல்டி. கேனன் 1969இலேயே ஒரு 300 எம்எம் எஃப்/5.6 லென்ஸில் செயற்கையாக வளர்த்த ஃப்ளூரைட் படிகத்தை வைத்தது. மலிவு லென்ஸில் இப்படிப்பட்ட கண்ணாடி ஒன்றோ இரண்டோதான் இருக்கும், சிலவற்றில் ஒன்றுகூட இருக்காது. ஆனால் ரா ஃபைலாக (சென்சாரின் மூலப்பதிவாக) எடுத்தால் இந்த ஊதா விளிம்பின் பெரும்பகுதியை ஒரே தட்டில் நீக்கிவிடலாம். இதற்காக மட்டும் யாரும் லென்ஸ் மாற்ற வேண்டியதில்லை.

தூரத்துக்கு வருகிறேன். சின்ன மீன்கொத்தி ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். 300 எம்எம் லென்ஸில் 10 மீட்டர் தூரத்தில் அது சென்சாரில் 4.8 மில்லிமீட்டர் விழும், 24 மெகாபிக்சலில் சுமார் 1,250 பிக்சல். 20 மீட்டரில் அது பாதியாகிவிடும். 20 மீட்டரிலேயே நின்றுகொண்டு 400 எம்எம் போட்டால் 3.2 மில்லிமீட்டர், 600 எம்எம் போட்டால் 4.8. ஆக, 20 மீட்டரில் 600 தருகிற அளவை 10 மீட்டரில் 300 தருகிறது. பறவை பறந்துவிடாதா என்றால், நின்றுகொண்டு நெருங்கினால் பறந்துவிடும். முன்பே போய் அதன் கிளைக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் அதுவே வரும். மீன்கொத்தி திரும்பத் திரும்ப ஒரே கிளைக்குத்தான் வருகிறது. நான் மூன்று காலை ஒரு புதரின் நிழலில் மங்கிய சட்டையோடு உட்கார்ந்தேன். மூன்றாவது நாள் எட்டு மீட்டரில் வந்து அமர்ந்தது. அதன் அலகிலிருந்து சொட்டிய தண்ணீர்த் துளி அந்த மலிவு லென்ஸ் எடுத்த படத்தில் பதிவாகியிருக்கிறது. ஒரு துளி, அதற்குள் தலைகீழாக வானம்.

டெலிகன்வர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் துண்டு) போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் ஒளியை, அதாவது பாதி ஒளியைத் தின்னும், எஃப்/5.6 லென்ஸ் எஃப்/8 ஆகிவிடும், தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றில் அந்த வெளிச்சத்தில் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. அதோடு ஏற்கெனவே இருக்கும் மங்கலையும் சேர்த்துத்தான் அது பெரிதாக்கும். மலிவு ஜூமுக்கு அது வழியே இல்லை.

இவ்வளவுக்கும் பிறகும் ஒன்று மட்டும் குறையவில்லை. ஃபோகஸ். நோட்டில் நடுக்கம் குறைந்தது, தூரம் குறைந்தது, ஃபோகஸ் தவறு மட்டும் அப்படியே நின்றது. பறவை ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குத் தாவும், லென்ஸ் கிர்ர்ரென்று கடைசி வரைக்கும் போய், பிடிக்காமல், மறுபடி முதலுக்கு வந்து, மறுபடி தேடும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பறக்கும்போது எடுப்பதை நினைத்தே பார்க்க முடியாது. நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்தேன், தொடர் ஃபோகஸுக்கு மாற்றினேன், பறவை வரப்போகும் கிளையில் முன்பே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தேன். கொஞ்சம் உதவியது. (ஒரு எச்சரிக்கை: இந்த மாதிரி லென்ஸ் பலவற்றில் ஆட்டோவில் இருக்கும்போது ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பக் கூடாது, உள்ளே பல்சக்கரம் கெட்டுவிடும். சுவிட்சை மேனுவலுக்குத் தள்ளிவிட்டுத் திருப்ப வேண்டும்.)

இது லென்ஸின் குறையா கேமராவின் குறையா என்று பார்க்க மறுபடி செய்தித்தாளுக்குப் போனேன். இந்த முறை வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாக, ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, மறுபடி பிடிக்க வைத்துப் பத்துப் படம். லைவ் வியூவில் அதே போலப் பத்து. லைவ் வியூவில் ஒன்பது தெளிவு. வியூஃபைண்டரில் நான்கு. செய்தித்தாளைக் கொஞ்சம் சாய்த்து வைத்துப் பார்த்ததில் தவறிய ஆறில் மூன்று முன்னால் விழுந்திருந்தது, மூன்று பின்னால். இந்த விவரம் முக்கியம். எல்லாம் ஒரே பக்கம் விழுந்தால் கேமராவுக்கும் லென்ஸுக்கும் உள்ள அளவுப் பொருத்தம் பிசகியிருக்கிறது என்று அர்த்தம், அதைச் சில கேமராக்களில் நாமே சரிசெய்யலாம், இல்லாவிட்டால் சர்வீஸில் சரிசெய்வார்கள். இரண்டு பக்கமும் சிதறினால் மோட்டாரால் சரியான இடத்தில் துல்லியமாக நிற்க முடியவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதற்கு மருந்து இல்லை.

அப்போதுதான், வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, இந்த லென்ஸை மாற்ற எனக்கு ஒரு சரியான காரணம் கிடைத்தது. படம் பளிச்சென்று இல்லை என்பதில்லை காரணம். எனக்கு வேண்டியது நல்ல மோட்டார். அதோடு நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வசதி.

அந்த வசதியைப் பற்றியும் நான் தப்பாகத்தான் நினைத்திருந்தேன். 1995இல் கேனன் தன் 75-300இல் அதை முதன்முதலாகக் கொண்டுவந்தபோது இரண்டு ஸ்டாப் மிச்சம் என்றார்கள், இப்போது நான்கு ஸ்டாப் சாதாரணம். நான்கு ஸ்டாப் என்றால் 1/500க்குப் பதில் 1/30. காகிதத்தில் பிரமாதம். ஆனால் பறவை 1/30 விநாடி அசையாமல் இருக்காது, அது விடாமல் தலையைத் திருப்பும். அசையும் உயிருக்கு ஷட்டர் வேகம்தான் வேண்டும், ஸ்டெபிலைசேஷன் அந்த வேலையைச் செய்யாது. அது செய்வது வேறு: வியூஃபைண்டரில் தெரிவது நிற்கிறது. ஆடாமல் நிற்பதால் ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மேல் வைக்க முடிகிறது. எனக்கு அதன் பெரிய பயன் அங்கேதான். மலை, கட்டடம், நிலா என்று அசையாததை எடுப்பவர்களுக்கு அந்த நான்கு ஸ்டாப்பும் முழுசாகக் கிடைக்கும். கேமரா உடம்பிலேயே சென்சார் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இந்தக் காரணத்தில் ஒரு பகுதி குறையும், நீளமான லென்ஸில் அதன் பலன் கொஞ்சம் குறைவு என்றாலும்.

வாங்குவதற்கு முன் நண்பரிடமிருந்து அவருடைய பெரிய 100-400ஐ இரண்டு நாள் இரவல் வாங்கினேன். முதல் நாள் காலை ஆறரை மணி, குளிர்ந்த காற்று, ஈரமான வெளிச்சம். அந்த லென்ஸில் ஒரு கொக்கின் கழுத்தை எடுத்தேன், ஒவ்வொரு சிறகின் நரம்பும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணாடியின் அருமை அதுதான் என்று நெஞ்சு நிறைந்துபோனது. அதே கொக்கு மதியம் பன்னிரண்டுக்கு, தண்ணீருக்கு அப்பால் நாற்பது மீட்டரில் நின்றது. எடுத்தேன். என் பழைய லென்ஸை மாட்டி அதிலும் எடுத்தேன். இரண்டிலும் கொக்கு நெளிந்தது, இரண்டிலும் கழுத்து ஒரு வெள்ளைக் கறை. சூடான காற்று கலங்கும்போது எந்தக் கண்ணாடியாலும் அதைத் தாண்டிப் பார்க்க முடியாது. மதியம் எடுத்த படங்களை வைத்து லென்ஸைப் பற்றி முடிவு செய்யாதீர்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

இரண்டாவது நாள் அதைச் சுமந்துகொண்டு நாலு மணி நேரம் நடந்தேன். ஒன்றரை கிலோவுக்கு மேல், கேமராவையும் சேர்த்தால் இரண்டைத் தாண்டும். 150-600 வகை லென்ஸ்கள் தனியாகவே இரண்டு கிலோவை ஒட்டி வருகின்றன. மூன்றாவது மணி நேரத்தில் ஒரு பருந்து தலைக்கு மேல் தாழ்வாகப் போனது, கழுத்திலிருந்து கேமராவைத் தூக்கிக் குறி பார்ப்பதற்குள் மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. மணிக்கட்டு வலித்தது. எனக்கு வாரத்தில் மூன்று நாள், வேலைக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் கிடைக்கும். தோள்பையில் போட்டுக்கொண்டு சட்டென்று கிளம்ப வேண்டும். அந்தக் கனத்தோடு வாரத்துக்கு ஒரு நாள்தான் போவேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. வண்டியிலிருந்தோ மறைவிடத்திலிருந்தோ எடுப்பவருக்கு இந்தக் கவலை இல்லை, அவருக்கு 150-600 நல்ல தேர்வு. நான் நடப்பவள்.

இன்னொரு காரணத்தையும் தேடிப் பார்த்தேன்: என் பழைய படங்களை ஃபோகல் நீளத்தின்படி வரிசைப்படுத்தினேன், அதைப் பல மென்பொருள்கள் தானே செய்து கொடுக்கும். முக்கால்வாசி 200க்கும் 300க்கும் நடுவில் இருந்தது, சரி. ஆனால் எனக்குப் பிடித்து நான் வைத்துக்கொண்ட படங்களில் நிறைய 135இலிருந்து 200 வரை. பறவையோடு அதன் மரமும் தண்ணீரும் தெரிகிற படங்கள். 150இல் தொடங்கும் லென்ஸ் வாங்கியிருந்தால் அவற்றில் பாதியை எடுத்திருக்க முடியாது.

கடைசியில் வாங்கியது அதே 70-300தான், ஆனால் புதிய தலைமுறை: வேகமான, சத்தமில்லாத மோட்டார், ஸ்டெபிலைசேஷன், முன்கண்ணாடி சுற்றாது. இந்த வகை 700 கிராமை ஒட்டி வருகிறது. "70-300ஐ விட்டு இன்னொரு 70-300ஆ?" என்று கேட்டவர்கள் உண்டு. என் நோட்டு சொன்ன பதில் அதுதான்.

பயன்படுத்தியதையே வாங்கினேன். பார்த்து வாங்கினால் பயமில்லை. இரண்டு மூடியையும் கழற்றிவிட்டு ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகப் பார்த்தேன். சிலந்தி வலை மாதிரி இழை இழையாகத் தெரிந்தால் அது பூஞ்சை, அதைத் தொடவே வேண்டாம். ஒன்றிரண்டு தூசி இருந்தால் படத்தில் தெரியாது. ஜூம் வளையம் எங்கேயும் உறுத்தாமல் திரும்புகிறதா, லென்ஸைக் கவிழ்த்தால் தானாக நீள்கிறதா, ஃபில்டர் மாட்டும் விளிம்பில் நசுங்கல் இருக்கிறதா என்று பார்த்தேன். நசுங்கல் இருந்தால் கீழே விழுந்த லென்ஸ். பொத்தானைப் பாதி அழுத்தினால் வியூஃபைண்டரில் காட்சி ஒரு குலுக்கலோடு நிலைக்க வேண்டும். பிறகு ஒரு செங்கல் சுவரை நேருக்கு நேர் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கினேன். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. முதலில் பார்த்த லென்ஸில் வலது பக்கம் முழுக்க அப்படித்தான் இருந்தது, விட்டுவிட்டேன். இரண்டாவதில் நான்கு மூலையும் ஒன்று போல இருந்தது.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. நோட்டை இன்னும் எழுதுகிறேன். ஃபோகஸ் தவறு மூன்றில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. போன வாரம் தண்ணீருக்கு மேல் ஒரு மீன்கொத்தி நின்ற இடத்திலேயே சிறகடித்துக்கொண்டிருந்தது, தொடர் ஃபோகஸ் அதை விடாமல் பிடித்தது, எட்டுப் படத்தில் ஆறு தெளிவு. மாறாததும் உண்டு. மாலை இருட்டத் தொடங்கினால் எஃப்/5.6 எஃப்/5.6தான். அக்கா மகளின் மேடை நிகழ்ச்சியை எடுக்கப் போனபோது ஐஎஸ்ஓ 6400ஐத் தாண்டியும் கை கால் அசைவெல்லாம் இழுபட்டன. அதற்கு 70-200 எஃப்/2.8தான் வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை வருகிற தேவைக்கு அதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பழைய லென்ஸை விற்கவில்லை. அக்கா மகள் என் பழைய கேமராவை வைத்திருக்கிறாள், லென்ஸையும் அவளிடமே கொடுத்தேன். கொடுக்கும்போது மூடியின் உள்பக்கம் ஒரு சின்னத் தாளை ஒட்டினேன்: "250ஐத் தாண்டாதே. எஃப்/8. 1/640. ஃபில்டர் மாட்டாதே." இரண்டு வாரம் கழித்து ஒரு அணில் படம் அனுப்பினாள், மீசை ஒவ்வொன்றும் எண்ணலாம். "சித்தி, 300ல எடுத்தேன், 250 இல்ல. தப்பா?" என்று கேட்டிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். எஃப்/8, 1/800, ஐந்து மீட்டருக்குள் உட்கார்ந்து எடுத்திருக்கிறாள். நன்றாகத்தான் இருந்தது. 250இலும் ஒன்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார் என்று பதில் போட்டேன்.